ஏலத் தோட்டம்: பொறுத்துப் பார்ப்பதா, இப்போதே இறங்குவதா?

போடியிலிருந்து மலையேறி இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் நாங்கள், ஏறிவரும் வெயிலுக்கு என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சியாக நிற்கிறோம். "தாத்தா காலத்திலும் வெயில் அடிச்சது, பொறுத்துப் பார்ப்போம்" என்பது ஒன்று. நிழல் மரமும், படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் படுதாக்குளமும் இப்போதே வேண்டும் என்பது இன்னொன்று.

ஆதாரம்
பொறுப்பது: தாத்தா சொன்னது பொய்யில்லை, வறட்சி அன்றும் இருந்தது.
இறங்குவது: தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது, அதனால் பூமியின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது, இதற்கு மனிதர்கள்தான் காரணம் என்பதில் சந்தேகமில்லை என்று ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி 2021லேயே எழுதிவிட்டது. 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் கருகிக் கிடந்ததைப் பார்த்தபின்னும் இதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

செலவு
பொறுப்பது: இன்றைக்குப் பைசா இல்லை. செடி போனால் மறுநடவு, அப்புறம் காய் பார்க்க 2, 3 வருடம்.
இறங்குவது: குளம் வெட்ட, படுதா விரிக்க முதலிலேயே பணம் வேண்டும், பலா, சந்தனவேம்பு கன்றுகளுக்கு அவ்வளவு ஆகாது.

தாங்கும் காலம்
மரம் நம் பிள்ளைகள் காலம்வரை நிற்கும். படுதா கிழியும், மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, யாருக்கு எது? ஒன்றிரண்டு வருடக் குத்தகைக்காரர் குளத்தில் பணம் போட வேண்டாம், இருக்கிற நிழலை வெட்டாமல் காத்தால் போதும். சொந்தத் தோட்டம் உள்ளவர்கள் பொறுக்காதீர்கள், இந்த மழைக்கே கன்று வையுங்கள்.