ஈமேக்ஸுக்குள் பைதான் அமர்வு: ஒரு மதிப்புரை

நிரலையும் அதன் விளைவையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய விரும்புவோருக்கு, ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியுடனேயே வரும் பைதான் அமர்வு வசதியை (பைதான் நிரல்மொழியை உள்ளேயே இயக்கி, வரிகளை அனுப்பிச் சோதிக்கும் வசதி) நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-பி என்று அழுத்தினால் பைதான் தனி இடையகத்தில் (ஈமேக்ஸுக்குள் உரையைக் காட்டும் தனிப் பகுதி, buffer) இயங்கத் தொடங்கும். பிறகு தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-ஆர் மூலம் அனுப்பலாம். பெரிய தரவுக் கோப்பை ஒருமுறை ஏற்றிவிட்டு, அதன்மேல் இயங்கும் செயற்கூற்றை (function) மட்டும் திருத்தித் திருத்தி அனுப்ப முடிவதே இதன் மிகப் பெரிய பலன்.

முழுக் கோப்பையும் அனுப்பும்போது, நேரடியாக இயக்கினால் மட்டும் செயல்படவேண்டிய 'மெயின்' பகுதியை அது தானாகவே விட்டுவிடுகிறது. நன்கு யோசித்துச் செய்த ஏற்பாடு இது. அமர்வில் முன்பு இட்ட கட்டளைகளை மெட்டா-பி (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை) கொண்டு மீட்கலாம்.

ஆனால் இயல்பாக எல்லாக் கோப்புகளும் ஒரே அமர்வைப் பகிர்வதால், ஒரு கோப்பில் வரையறுத்த மாறி (variable) இன்னொன்றின் பிழையை மறைத்துவிடக்கூடும். தொடங்கும் கட்டளைக்கு முன் கன்ட்ரோல்-யு சேர்த்து, கோப்புக்கெனத் தனி அமர்வைக் கேட்டுப் பெறலாம். புதியவர்கள் இதை முதல் நாளிலேயே பழகிக்கொள்வது நல்லது. நீக்கிய செயற்கூறுகளும் நினைவில் தங்கியிருக்கும் என்பதால், இறுதிச் சோதனையைப் புதிய அமர்வில்தான் நடத்த வேண்டும்.