அட்ரினலினா கார்ட்டிசோலா? சுரப்பி ஒண்ணு, குணம் வேற

ஸ்ட்ரெஸ் ஹார்மோன்னாலே இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பியிலதான் ரெண்டும் வருது, ஆனா அட்ரினலின் உள்பகுதியில, கார்ட்டிசோல் வெளி அடுக்குல.

இருட்டுல இறங்கும்போது ஒரு படி மிஸ் ஆயிடுச்சுன்னு வைங்க, விழல, கைப்பிடிய புடிச்சாச்சு, ஆனாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குது, விரல் நடுங்குது பாருங்க, அதான் அட்ரினலின். நரம்பு வழியா நேரா ஆர்டர் வர்றதால செகண்ட்ல வேலைய ஆரம்பிச்சுடும், ரெண்டு மூணு நிமிஷத்துல ரத்தத்துல பாதியாயிடும்.

கார்ட்டிசோல் அப்படி இல்ல, ஆபீஸ் ஃபைல் மாதிரி. மூளையில இருக்கற ஹைப்போதலாமஸ் அதுக்கு கீழ இருக்கற பிட்யூட்டரி சுரப்பிக்கு சொல்லணும், பிட்யூட்டரி ஏசிடிஹெச்ங்கற ஹார்மோன அனுப்பணும், அப்புறம்தான் அட்ரினல் அசையும். பயமே இல்லாத நாள்லயும் இது உண்டு, விடியக்காலையில ஏறி நடுராத்திரி வாக்குல அடிமட்டத்துக்கு போயிடும், அதனாலதான் கார்ட்டிசோல் டெஸ்ட்டுக்கு காலை 8 மணி வாக்குல ரத்தம் எடுக்கறாங்க. அளவு கூடினா கார்ட்டிசோலே மேல மூளைக்கு போய் போதும்னு சொல்லிடும். கார்ட்டிசோல் மாதிரியே வேலை செய்யற ஸ்டீராய்டு மாத்திரைய ரொம்ப நாள் போட்டா, அதுவும் அதே மாதிரி போதும்னு சொல்லி, சுரப்பி வேலை செய்யறதையே மறந்துடுது, அதான் திடீர்னு நிறுத்தாதீங்கன்னு டாக்டருங்க கத்தறது.

எது இல்லாம முடியாதுன்னா என் ஓட்டு கார்ட்டிசோலுக்குத்தான். அட்ரினலின் குறைஞ்சா நரம்புல வர்ற, அதே மாதிரி வேலை செய்யற நார்அட்ரினலின் ஓரளவு சமாளிச்சுக்கும், கார்ட்டிசோல் சுத்தமா நின்னா பிபி விழுந்து, சர்க்கரை இறங்கி, உயிருக்கே ஆபத்து.