ரெடிஸிலிருந்து வால்கிக்கு: ஹட்டனில் கொழுந்துக் கணக்கு ஓட்டிய அனுபவம்

சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். லொறியோடு போகிறவர் கொழுந்தை நிறுத்து ஃபோனில் பதிந்ததும் அந்த எடை முதலில் ரெடிஸ் என்ற, தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகக் கையாளும் மென்பொருளில் வரிசையில் நிற்கும், அப்புறம்தான் பிரதான தரவுத்தளத்துக்குப் போகும். பல வருடமாக இதே ஏற்பாடுதான். ரெடிஸின் இடத்தில் இப்போது அதிலிருந்து பிரிந்த வால்கி இருக்கிறது. ஏன் மாறினோம் என்பதைச் சொல்கிறேன்.

2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும் அந்த வரிசை கைவிடவில்லை. தொழிற்சாலை சேர்வரில் ஏஓஎஃப் (ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும் ரெடிஸ் வசதி) முறையை இயக்கியிருந்தோம். வரும் பதிவுகளை அது வழமையாக விநாடிக்கு ஒருமுறை வட்டில் உறுதிப்படுத்தும். திடீரென்று கரண்ட் போனாலும் கடைசி ஒரு விநாடிப் பதிவுதான் போகக்கூடும். நாள் முழுக்க உழைத்துக் கொழுந்து கொண்டுவந்தவருக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அது அவருடைய காசு. அதனால் இது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

ஆக, மென்பொருளில் குறையே இல்லை. பேச்செல்லாம் உரிமத்தைப் பற்றித்தான். 2024 மார்ச்சில் ரெடிஸ், யாரும் எதற்கும் பயன்படுத்த விடும் பிஎஸ்டி உரிமத்தை விட்டு, 7.4 பதிப்பிலிருந்து ஆர்எஸ்ஏஎல், எஸ்எஸ்பிஎல் என்ற கட்டுப்பாடுள்ள உரிமங்கள் இரண்டில் ஒன்று என்று அறிவித்தது. நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அதையே மற்றவர்களுக்குச் சேவையாக நடத்தினால் கட்டுப்பாடு. பெரிய கிளவுட் நிறுவனங்கள் அடுத்தவர் உழைப்பை வைத்துச் சம்பாதிக்கின்றன என்ற ரெடிஸ் நிறுவனத்தின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கள் வேலை அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது என்றே நினைக்கிறேன். ஆனாலும் புதிய வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் 'இது சேவையா, இல்லையா' என்று சட்டத்தரணியைத் தேடிப் போக மலையகத்துச் சிறு நிறுவனத்தால் முடியுமா? 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை ஏறியதைப் பார்த்த பிறகு, நாளைக்கு ஒரு டொலர் பில் வரலாம் என்ற நினைப்பே போதும்.

எந்தத் துறையில் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்து உரிமம் தடை போடக்கூடாது என்கிறது ஓப்பன் சோர்ஸ் (திறந்த மூல மென்பொருள்) வரையறையின் 6ஆவது விதி. எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு விதிதான். நிரல் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது.

பழைய பிஎஸ்டி நிரல் எல்லோருக்கும் உரிமையாக இருந்ததால்தான், லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கீழ் ரெடிஸ் 7.2.4இலிருந்து வால்கி தனி மென்பொருளாகக் கிளைத்தது. மாறுவதில் சிரமமே இருக்கவில்லை. கட்டளைகள் அதேதான், 7.2இன் கோப்புகளும் அப்படியே ஏறின. ரெடிஸ் 7.4இல் ஸ்னாப்ஷாட் (தரவின் முழுப் பிரதி) கோப்பின் வடிவம் மாறிவிட்டது, அது வால்கியில் நேரடியாக ஏறாது. மாற நினைப்பவர்கள் 7.2இல் இருக்கும்போதே மாறிவிடுங்கள்.

2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல் உரிமத்திலும் வந்தது. அது உண்மையான ஓப்பன் சோர்ஸ், மனதார வரவேற்கிறேன். ஆனால் நாங்கள் வால்கியிலேயே இருக்கிறோம். அதன் உரிமம் ஒரே நிறுவனத்தின் முடிவில் தங்கியில்லை. சேர்வர்களை அமைக்க உதவும் டெராஃபோர்ம் என்ற மென்பொருள் 2023 ஆகஸ்டில் பிஎஸ்எல் என்ற கட்டுப்பாடுள்ள உரிமத்துக்குப் போனதால், சேர்வர் அமைப்புக்கும் இதே காரணத்துக்காக அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபுவை எடுத்துக்கொண்டோம்.