கார்டியா மொபைல் 6எல்: ஆப் சொல்வதை விட ஸ்ட்ரிப்பைப் பாருங்கள்

மயிலாப்பூர், நங்கநல்லூர் பக்கம் பல வீடுகளுக்கு இந்தக் கையடக்க ஈசிஜி கருவி அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகள் கையோடு வந்து சேர்கிறது. அலைவ்கோர் நிறுவனத் தயாரிப்பு. 2019-ல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. மேலே இரண்டு, அடியில் ஒன்று என தோலில் படும் மூன்று எலெக்ட்ரோடு தகடுகள். இரண்டு கட்டைவிரல்களையும் மேலே வைத்து, அடிப்பக்கத்தை இடது முழங்காலிலோ இடது கணுக்காலின் உட்புறத்திலோ வெறும் தோலில் வைத்தால், 30 விநாடியில் ஆறு லீட் ஈசிஜி (லீட் என்பது இதயத்தின் மின்துடிப்பை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு) புளூடூத்தில் போனுக்கு வந்துவிடும். வேட்டி கட்டியவருக்கு முழங்கால் சௌகரியம். பேண்ட் போட்டவர் கணுக்காலுக்கே போய்விடலாம்.

பதிவு கெடுவது பெரும்பாலும் கருவியால் அல்ல. ஏசி அறையில் விரல் காய்ந்திருந்தால் லேசாக ஈரப்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய்க் கை என்றால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால் ஆப்பில், வீட்டு மின்சார இரைச்சலை வடிகட்டும் மெயின்ஸ் ஃபில்டரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் இருந்தால் நம்மூர் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்காது, அலைகளுக்கு நடுவேயுள்ள அடிக்கோடு முழுக்க ரோமம் முளைத்தாற்போல் வரும். லீட் 1-ல் பி அலையும் (இதய மேலறைத் துடிப்பின் சிறு மேடு) கியூஆர்எஸ்ஸும் (கீழறைத் துடிப்பின் கூர்முனை) தலைகீழாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியைத் திருப்பிப் பிடித்திருப்பதைத்தான்.

ஆப் தரும் ஒருவரித் தீர்ப்பு முதல் வடிகட்டல் மட்டுமே. பிடிஎஃப்பைத் திறந்து, ஸ்ட்ரிப்பில், அதாவது கட்டம் போட்ட ஈசிஜி வரைபடத்தில், லீட் 2-ஐப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2. துடிப்பு சீராக இருந்தால் இரண்டு ஆர் முனைகளுக்கு (கியூஆர்எஸ்ஸின் உச்சிகளுக்கு) நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் நிமிடத் துடிப்பு வரும். சீரில்லை என்றால் இந்தக் கணக்கு உதவாது. 30 விநாடியில் உள்ள கியூஆர்எஸ் எல்லாவற்றையும் எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பி அலையே இருக்காது, இடைவெளிகளிலும் எந்த ஒழுங்கும் தெரியாது. ஒரு காகித ஓரத்தில் நாலைந்து ஆர் முனைகளைக் குறித்து ஸ்ட்ரிப்பின் மேல் நகர்த்திப் பார்த்தால் எங்கேயும் பொருந்தாது. நடுவில் ஒரு துடிப்பு மட்டும் முந்திக்கொண்டு, முன்னால் பி அலை இல்லாமல், மூன்று சின்னக் கட்டத்துக்குமேல் அகலமாக வந்து, பிறகு ஒரு இடைவெளி விட்டால் பெரும்பாலும் அது விபிசி, அதாவது கீழறையிலிருந்து முந்திக் கிளம்பும் துடிப்பு. படபடப்பு என்று வருகிறவர்களிடம் அடிக்கடி காண்பது இதுதான்.

ஆப் தடுமாறும் இடம் ஃப்ளட்டர், அதாவது மேலறை சீராக ஆனால் மிக வேகமாக அடிப்பது. மேலறை நிமிடத்துக்கு 300 வாக்கில் அடித்து, இரண்டுக்கு ஒன்று கீழறைக்கு இறங்கினால் நாடி 150-ல் கடிகாரம் மாதிரி சீராக ஓடும். ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்கு அசையாத 150 என்றாலே இதயத்தைக் கீழிருந்து பார்க்கும் லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் ரம்பப்பல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை லீட் கருவியில் இந்த வசதி கிடையாது.

கை நடுக்கமும் ஸ்ட்ரிப்பில் ஃப்ளட்டர் வேடம் போடும். பார்கின்சன் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 தடவை, அதாவது நிமிடத்துக்கு 240 முதல் 360. வலது கை நடுங்கினால் லீட் 1, 2 கலங்கும், 3 தெளிவாக இருக்கும். இடது கை என்றால் 2 தெளிவு. ஆறு லீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இந்த ஒன்றுக்கே தகும்.

மார்பு லீட்கள் வி1 முதல் வி6 வரை இதில் இல்லை. மாரடைப்பை இது பார்க்காது. நெஞ்சுவலிக்கு இதைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்தக் கருவி வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

பேட்டரி சிஆர்2016. கடையில் 'பட்டன் செல்' என்று மட்டும் கேட்டால் 2032-ஐ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். விட்டம் ஒன்றுதான், கனம் இரண்டு மடங்கு, மூடி மூடாது.