ஓர் ஆணி, ஐந்து பஞ்சர்

டியூப்லெஸ் டயர் பொருத்திய இருசக்கர வாகனத்தில் நெடுந்தூரம் செல்பவர்கள், பஞ்சர் ஒட்டும்போது ஒரு நிமிடம்கூடச் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயணத்தின் நடுவே பின்சக்கரம் லேசாக அலைவதை உணர்ந்து இறங்கிப் பார்த்தபோது, டயரின் நடுப்பகுதியில் ஓர் ஆணியின் தலை தெரிந்தது. 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) இருக்க வேண்டிய காற்று 24 ஆகக் குறைந்திருந்தது. டியூப்லெஸ் டயரில் குத்திய ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அதைப் பிடுங்காமல் கைப்பம்பால் காற்றடித்து மெதுவாக ஓட்டினேன். அரை மணி நேரம் கழித்து ஒரு பஞ்சர் கடை வாசலில் அளந்தபோது 2 பிஎஸ்ஐதான் இறங்கியிருந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் ஆணியைப் பிடுங்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, கையில் துணியோடு டயரைத் தேய்த்தபடியே சக்கரத்தைச் சுற்றினார். "சார், அந்த வாளியைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்க" என்றார். நான் திரும்பிய அந்தச் சில நொடிகளுக்குப் பின், வேறு நான்கு இடங்களிலும் குமிழி வந்தது. இருட்டிக்கொண்டிருந்தது, மனைவி உடன் இருந்தார், ஐந்துக்கும் தனித்தனியாகப் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் டயரைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். ஆணி போட்ட ஓட்டை சாய்வாக இருந்தது. மற்ற நான்கும் ஒரே அளவில், நேராக, ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தன. குத்தூசியால் குத்தியவை என்று அவர் பார்த்த உடனேயே சொன்னார். உண்மையிலேயே ஐந்து ஓட்டைகள் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் வெறும் 2 பிஎஸ்ஐ எப்படி இறங்கியிருக்கும்? அவற்றுள் இரண்டு பக்கச் சுவரை ஒட்டி இருந்தன. சக்கரம் உருளும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் அந்தப் பகுதியில் எந்த ஒட்டும் நிலைக்காது என்பதால், தேயாத டயரைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பணம் போனதைவிட, அந்த டயரை நம்பி இருவரும் மீதித் தூரத்தை வேகமாகக் கடந்தோம் என்பதுதான் என்னை இன்னும் பதற வைக்கிறது.

ஆகவே, கடைக்காரர் கை வைப்பதற்கு முன்பே நீங்கள் சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி வரும் இடங்களை எண்ணி, சக்கரத்தைச் சுற்றிலும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். அதற்குமேல் ஒரு பஞ்சர் கூடினாலும், ஒட்ட விடாமல் காற்றை நிரப்பிக்கொண்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள். வெளியிலிருந்து செருகும் ரப்பர் குச்சி ஊர் போய்ச் சேர்வதற்கு உதவும். பிறகு டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) போடுவதே பாதுகாப்பானது. டியூப் உள்ள டயராக இருந்தால், டியூப்பை வெளியே எடுத்ததும் உங்கள் கண்முன்னே தண்ணீரில் அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அருகருகே இரண்டு கீறல்கள் தெரிந்தால், அது டயரைக் கழற்றும் கம்பி நெரித்ததாலும் ஏற்பட்டிருக்கலாம்.

இப்போது நானே பஞ்சர் ஒட்டுவதற்கான துருவி, ஊசி, ரப்பர் குச்சிகள் அடங்கிய சிறிய பெட்டி என் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கிறது.