கைப்பேசி பேட்டரி கலிபரேஷன்: எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது

27 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி திடீரென அணைந்துபோகும். இன்னொன்று 9 விழுக்காட்டிலேயே ஒரு மணி நேரம் நகராமல் நிற்கும். வேறொன்று மறுதொடக்கம் செய்ததும் 60-லிருந்து 75-க்குத் தாவும். மூன்றுக்கும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "முழுசா இறக்கி முழுசா ஏத்துங்க." இதைத்தான் கலிபரேஷன் என்கிறார்கள். சில கைப்பேசிகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. சிலவற்றில் எத்தனை முறை செய்தாலும் பயனில்லை. தேய்ந்த பேட்டரி இன்னும் கொஞ்சம் தேய்வதுதான் மிச்சம். உங்களுடையது எந்த வகை என்று முதலிலேயே பிரித்துவிட்டால் ஒரு வார இறுதி வீணாகாது.

திரையில் வரும் விழுக்காடு அளந்த எண் அல்ல, கணக்கிட்ட எண். பேட்டரியைக் கண்காணிக்கும் ஒரு சிறிய சிப், உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. அதில் சேரும் சிறு பிழைகள் நாள்படப் பெரிதாகும். அவற்றைத் திருத்த அது வோல்டேஜைப் பார்க்கும். சிக்கல் அங்கேதான். முழு சார்ஜில் 4.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும் இன்றைய லித்தியம் பேட்டரி, 3.9-க்கும் 3.7-க்கும் இடைப்பட்ட 0.2 வோல்ட்டுக்குள்ளேயே ஏறத்தாழ பாதிக் கொள்ளளவைக் கொடுத்துவிடும். அந்தத் தட்டையான பகுதியில் 0.02 வோல்ட் பிசகினால் விழுக்காடு 5 பிசகும். கீழ்முனையில் வோல்டேஜ் செங்குத்தாக இறங்குகிறது. மேல்முனையில் சார்ஜாகும் மின்சாரம் குறைந்து குறைந்து நிற்கும் இடம் தெளிவாகத் தெரிகிறது. இந்த இரண்டு முனைகளையும் தொடும்போதுதான் சிப் தன் கணக்கை உறுதியாகச் சரிபார்த்துக்கொள்ள முடியும். கலிபரேஷன் என்று நாம் செய்வது, அந்த வாய்ப்பை அதற்குக் கொடுப்பதுதான்.

எப்போதும் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே வைத்திருப்பவர்களின் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கணக்கு நகர்ந்துவிடும். தனியார் வாடகை கார் ஓட்டுநர்களின் கைப்பேசிகள் கணக்கு நகர்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காலையிலிருந்து இரவுவரை கண்ணாடிக்கு அருகே தாங்கியில், சார்ஜ் வயரோடு, வெயிலில் இருப்பவை அவை. கீழ்முனையைத் தொடுவதே இல்லை. ஒரு நாள் வயர் பழுதானால் 80 காட்டிய கைப்பேசி மதியத்துக்குள் படுத்துவிடும்.

பழுது கணக்கிலா, பேட்டரியிலா?

செயலி எதுவும் இல்லாமல் பார்க்கும் வழி இது. எதிர்பாராமல் அணைந்ததும் உடனே சார்ஜில் போட்டு இயக்கி, முதலில் வரும் எண்ணைப் பாருங்கள். 25-இல் அணைந்து, திரும்ப எழும்போது 1 அல்லது 2 காட்டினால் கணக்குப் பிசகியிருக்கிறது. உள்ளே உண்மையிலேயே ஒன்றும் இல்லை. எழும்போது மறுபடியும் 15, 20 என்று காட்டினால் உள்ளே சார்ஜ் இருந்தும் பேட்டரியால் அதைத் தர முடியவில்லை. கேமரா, விளையாட்டு, வீடியோ அழைப்பு போன்றவை ஒரே கணத்தில் அதிக மின்சாரம் கேட்கும்போது தேய்ந்த பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து, கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. இரண்டாவது வகைக்குக் கலிபரேஷன் மருந்தல்ல. பேட்டரி மாற்றுவதுதான் வழி.

இன்னும் உறுதியாகப் பார்க்க வோல்டேஜ் வேண்டும். ஆண்ட்ராய்டில் அக்யூபேட்டரி போன்ற செயலி காட்டும். சாம்சுங்கின் பல மாடல்களில் அழைப்புத் திரையில் *#0228# அடித்தால் பேட்டரி நிலைப் பக்கம் திறக்கும். அங்கே 'குவிக் ஸ்டார்ட்' என்ற பொத்தான் இருந்தால் தொட வேண்டாம். அது அந்தக் கண வோல்டேஜை மட்டும் வைத்து விழுக்காட்டைப் புதிதாக ஊகிக்கச் சொல்லும், திரை எரிந்துகொண்டிருக்கும்போது அந்த ஊகம் தப்பாகவே வரும். ஐபோனில் அமைப்புகளில் வோல்டேஜ் கிடையாது. மேக் கணினியில் இணைத்து கோகனட்பேட்டரி செயலியில் பார்க்கலாம்.

25 விழுக்காடு காட்டும்போது பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேமராவில் வீடியோ பதிவை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். ஓய்வில் 3.75 வோல்ட் இருந்து, பதிவின்போது 3.4 பக்கம் சரிந்தால் பேட்டரியின் உள்மின்தடை (மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே தடுக்கும் தடை) ஏறிவிட்டது, பேட்டரி தேய்ந்துவிட்டது. ஓய்விலேயே 3.5-ஐ ஒட்டி இருந்தால் 25 என்ற எண்ணே பொய். கலிபரேஷன் பலன் தரும். 5 காட்டும்போது ஓய்வில் 3.75 இருந்தாலும் அப்படியே. கணக்கு எதிர்ப்பக்கம் பிசகியிருக்கிறது.

பின்பக்க மூடி சற்றே எழும்பியிருந்தால், திரை ஓரம் பிரிந்து ஒளி கசிந்தால், மேசையில் வைத்து ஓரத்தில் தட்டும்போது முன்பு இல்லாதபடி ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதில் எந்தச் சோதனையும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

செய்முறை

இங்கே சிங்கப்பூரில் எல்லாமே கைப்பேசியில்தான் இருக்கிறது. அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ், பணம் அனுப்பும் பேநவ், பேருந்துக்கும் ரயிலுக்கும் தட்டுவது, அலுவலகக் கதவு, காலை அலாரம் எல்லாம் அதில். முழு வேலைக்கும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் பாதி நேரம் கைப்பேசி அணைந்தே இருக்கும். சனிக்கிழமை இரவு வசதியானது. ஈஸி-லிங்க் பயண அட்டையும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

இரவைச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. பகலில் இங்கு 31, 32 டிகிரி சாதாரணம். மூடிய சன்னலோரம், தோல் உறைக்குள், சார்ஜில் இருக்கும் கைப்பேசியின் பேட்டரி எளிதாக 40 டிகிரியைத் தாண்டும். சூடானால் கைப்பேசியே சார்ஜ் வேகத்தைக் குறைக்கும் அல்லது 80-இல் நிறுத்திவைக்கும். மேல்முனையைச் சரியாகத் தொடாமலேயே சுழற்சி முடிந்துவிடும். கலிபரேஷன் செய்தும் பலனில்லை என்பவர்களிடம் கேட்டுப்பார்த்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். உறையைக் கழற்றுங்கள். ஏர்கான் அறையில், இல்லாவிட்டால் மின்விசிறிக்கடியில் வெறும் மேசை அல்லது தரையோட்டின் மேல் வையுங்கள். மெத்தையும் தலையணையும் வேண்டவே வேண்டாம்.

முதலில் 80 விழுக்காட்டு வரம்பு, தழுவு சார்ஜிங் (அடாப்டிவ் சார்ஜிங்), ஐபோனின் உகந்த சார்ஜிங் (ஆப்டிமைஸ்ட் சார்ஜிங்) எல்லாவற்றையும் அணையுங்கள். சாம்சுங்கில் 'பேட்டரி பாதுகாப்பு' என்ற பகுதியில் இருக்கும். வேகச் சார்ஜிங்கையும் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

வழக்கம்போலப் பயன்படுத்தி 10 விழுக்காடு வரை இறக்குங்கள். அதற்குப் பிறகு வேகம் கூடாது. பளிச்சென்ற திரையும் விளையாட்டும் வைத்து விரட்டினால் வோல்டேஜ் சரிந்து கைப்பேசி முன்கூட்டியே அணைந்துவிடும், சிப் உண்மையான அடித்தளத்தைப் பார்க்காது. திரை ஒளியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, பதிவிறக்கிய வீடியோ ஒன்றை ஓடவிடுங்கள். 1 விழுக்காட்டில் வெகுநேரம் நின்றால் பொறுமையாக விடுங்கள். அந்த நீளும் நேரம்தான் இதுவரை கணக்கில் வராத பகுதி.

அணைந்ததும் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தி எழுப்பிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் அடியிலிருந்து இன்னும் சுரண்டும். அப்படியே ஓய்வில் வையுங்கள். இந்த வகைச் சிப்களைச் செய்யும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கற்றல் சுழற்சி முறையில், காலியானபின் 5 மணி நேரமும் நிரம்பியபின் 2 மணி நேரமும் ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டில் அவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை, ஆனால் காலியானபின் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுவது நல்லது. அதற்காக நாள்கணக்கில் காலியாகவே போட்டுவைக்கவும் கூடாது. தானாக இறங்கி வோல்டேஜ் அளவுக்கு மீறிக் கீழே போனால் பேட்டரிக்குள் செம்பு கரையத் தொடங்கும். அந்தச் சேதம் திரும்பாது.

பிறகு சார்ஜ். அணைந்த நிலையிலேயே, கம்பிவழி, 5 முதல் 10 வாட் சார்ஜரில், நடுவே எடுக்காமல். ஐபோன் வயரைச் செருகியதும் தானே எழும், அதை விமானப் பயன்முறையில் போட்டுவிடலாம். கம்பியில்லாச் சார்ஜிங் சூடாக்கும் என்பதால் இதற்கு ஏற்றதல்ல. இரவெல்லாம் செருகியிருக்கப் போகும் சார்ஜரில் சேஃப்டி மார்க் என்ற சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

100 வந்ததும் எடுக்காதீர்கள். பல கைப்பேசிகள் 100 காட்டிய பிறகும் உள்ளே மெல்லிய மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது ஓயும்போதுதான் சிப் 'நிரம்பியது' என்று பதிவு செய்யும். இன்னும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விடுங்கள். எடுத்தபின் ஓரிரு மணி நேரம் சும்மா வைத்து, மறுதொடக்கம் செய்து, வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். அடுத்த சுழற்சியிலும் இன்னொரு முறை 10 வரை இறக்கி 100 வரை ஏற்றினால் போதும். முழுதும் அணையவிடுவது ஒரு தடவைதான்.

செய்ய வேண்டாதவை

பேட்டரிஸ்டாட்ஸ் கோப்பை அழித்தால் கலிபரேஷன் ஆகும் என்ற நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தச் செயலி எவ்வளவு பேட்டரி தின்றது என்ற பட்டியல்தான் அந்தக் கோப்பில் இருக்கிறது, விழுக்காட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூகுளின் ஆண்ட்ராய்டு பொறியாளர் டயான் ஹேக்பார்ன் 2012-இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரே தட்டில் கலிபரேஷன் செய்வதாகச் சொல்லும் செயலிகள் பலவும் இதைத்தான் செய்கின்றன. குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் வேண்டாம்; இங்குள்ள ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துவிடும்.

மாதக்கணக்கில் பார்த்தால்

முதல் வாரத்தில் தெரிவது கடைசி 20 விழுக்காட்டின் நம்பகம்தான். தாவல் நிற்கும், எண் ஒரே சீராக இறங்கும். ஒரு நாளில் கைப்பேசி ஓடும் நேரம் அதிகமாகாது. கூடியதுபோல் தோன்றினால், முன்பு காலி என்று தவறாகச் சொல்லி அணைந்துகொண்டிருந்தது இப்போது கடைசிவரை ஓடுகிறது, அவ்வளவே.

பேட்டரி நலம் (புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை விழுக்காடு மிச்சம்) காட்டும் எண் சில நேரம் குறையும். இதைக் கண்டு பலர் பதறுகிறார்கள், கலிபரேஷன் பேட்டரியைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். பழைய எண் மிகையாக இருந்தது, புதியது உண்மைக்கு அருகில் வந்திருக்கிறது. 2021-இல் ஐஓஎஸ் 14.5 வந்தபோது ஐபோன் 11 வரிசையில் ஆப்பிளே மென்பொருள் வழியாக இந்த மறுமதிப்பீட்டைச் செய்தது. அதற்கே சில வாரங்கள் வரை ஆகலாம் என்று சொல்லியிருந்தது. ஒரே இரவில் முடிவு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

நல்ல நிலையில் உள்ள பேட்டரியில் இந்தத் துல்லியம் மாதக்கணக்கில் நிற்கும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் செய்யத் தேவையே இல்லை, எண் ஒழுங்காக இருந்தால் அதுவும் வேண்டாம். ஒவ்வொரு முழுச் சுழற்சியும் பேட்டரியின் ஆயுளிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. நலம் 80 விழுக்காட்டுக்குக் கீழே போன பேட்டரியில் சில வாரங்களிலேயே பழைய தாவல் திரும்பும். உள்மின்தடை வேகமாக மாறுவதால் சிப் கற்ற கணக்கு விரைவில் பழையதாகிவிடுகிறது. அப்போது திரும்பத் திரும்பக் கலிபரேஷன் செய்வது தவறான இடத்தில் முயற்சியைச் செலவிடுவது.

80 வரம்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: என்றாவது ஒரு நாள் கைப்பேசி வரம்பை மீறி 100 வரை ஏறியிருக்கும். அது பழுதல்ல. ஐபோன் 15-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் கணக்கைத் துல்லியமாக வைத்திருக்க இவ்வாறு செய்யும் என்று ஆப்பிளே குறிப்பிட்டிருக்கிறது. அதை நடுவில் பிடுங்காமல் விட்டால் தனியாகக் கலிபரேஷன் செய்யும் வேலை குறையும்.

பேட்டரி மாற்றியபின்

சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியிலோ தேக்கா கடைகளிலோ பேட்டரி மாற்றி வந்த முதல் வாரத்தில் எண் தாறுமாறாக இருப்பதாகப் பலர் சொல்வதுண்டு. ஐபோனில் கணக்குச் சிப் பேட்டரியின் சொந்தப் பலகையிலேயே இருக்கிறது. புதுப் பேட்டரியோடு புதுக் கணக்கும் வரும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது தாய்ப்பலகையில் இருக்கிறது. பேட்டரி புதிது, கணக்கு பழைய பேட்டரியுடையது. மேலே சொன்ன சுழற்சியை இரண்டு முறை செய்தால் பெரும்பாலும் சீராகிவிடும். கலிபரேஷனுக்கு மிகத் தெளிவான பலன் கிடைப்பது இங்கேதான்.

ஐபோனில் சில கடைகள் பழைய பலகையைப் புதிய செல்லில் ஒட்டிக் கொடுப்பார்கள். அப்போது பழைய சுழற்சி எண்ணிக்கையும் பழைய நல விழுக்காடும் அப்படியே நிற்கும், தனிக்கருவியால் மாற்றி எழுதினால்தான் மாறும். பணம் கொடுக்கும் முன் எந்த முறையில் மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர் முன்னிலையிலேயே அமைப்புகளில் எண்ணைப் பாருங்கள். பேட்டரி லேபிளையும் படிக்கலாம். எம்ஏஎச் (mAh, கொள்ளளவு) எண்ணை லேபிளில் உள்ள வோல்டேஜால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி வர வேண்டும்: 4000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் 15.4. இரண்டும் ஒத்துப்போகாத லேபிளை நம்ப வேண்டாம்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குப்பைக்குழாயில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவுத் தொட்டியில் சேர்க்கலாம். உப்பியதை அந்தத் தொட்டியிலும் போடக் கூடாது, மாற்றித் தந்த கடையிடமே விட்டுவிடுங்கள்.