வீட்டு வெப் சர்வரையே ரவுட்டராக்கலாமா?

குரோம்பேட்டை வீட்டு இணைப்புக்கு நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கிய கையோடு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு வெப் சர்வர் ஏற்றினேன். அதிலேயே இன்னொரு லேன் கார்டு செருகி ரவுட்டராகவும் ஆக்குவதா, தனி ரவுட்டருக்குப் பின்னால் வைப்பதா என்ற கேள்வி வந்தது. தனி ரவுட்டரையே தேர்ந்தெடுத்தேன்.

ஒரே பெட்டியில் மின்செலவு குறைவு, ஒரு யுபிஎஸ் போதும். அதில் தகராறு இல்லை.

சர்வர் உடைபட்டால் கூடவே எது போகும் என்பதுதான் முக்கியம். வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) பிளகின் ஓட்டை வழியாக நுழைபவருக்கு முதலில் கிடைப்பது வெப் சர்வரின் சாதாரணக் கணக்குதான். ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஃபயர்வாலில் நாம் பார்த்துப் பார்த்து எழுதுவது இன்புட் (கணினிக்கு வருவது), ஃபார்வர்டு (அதன் வழியாகக் கடந்து செல்வது) விதிகளை. அந்தக் கணினியிலிருந்தே கிளம்பும் போக்குவரத்துக்கு உரியது அவுட்புட்; அதைப் பெரும்பாலும் திறந்தே விடுகிறோம். சர்வரே ரவுட்டராக இருந்தால், சாதாரணக் கணக்கிலிருந்தே கேமரா, பிரின்டர், அப்பாவின் லேப்டாப் எல்லாவற்றின் கதவையும் தட்டலாம். ரூட்டும் போனால் டிஎன்எஸ் பதில்கள்கூட (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்பவை) அவர் கையில். 2022 ஜனவரியில் அம்பலமான பௌன்கிட் (PwnKit) ஓட்டை அப்படிச் சாதாரணக் கணக்குக்கு ரூட் தருவதுதான். பெரும்பாலான லினக்ஸ்களோடு வரும் போல்கிட் என்ற நிரலில் அது 2009 முதலே கிடந்தது.

டாக்கரிலும் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) கவனம் தேவை. அதில் வெளியிடும் 3306 போர்ட் (மைஎஸ்க்யுஎல் தரவுத்தளத்தின் வாசல்) யுஎஃப்டபிள்யு என்ற லினக்ஸ் ஃபயர்வாலின் விதிகளை மீறித் திறந்துகொள்ளும். தனி ரவுட்டர் இருந்தால் அது வீட்டோடு நிற்கும். இல்லையேல் நேரே இணையத்துக்குத் திறக்கும்.

ஆனால் ரவுட்டரில் வெப் போர்ட்களான 80, 443 இரண்டையும் சர்வருக்குத் திருப்பிவிட்டால் மட்டும் போதாது. சர்வர் இன்னும் லேப்டாப்புகளின் நெட்வொர்க்கிலேயே இருக்கும். ஓபன்டபிள்யுஆர்டியில் (ரவுட்டரில் ஏற்றும் திறந்த மென்பொருள்) சர்வருக்குத் தனி விலேன் (பிரித்த உள் நெட்வொர்க்) ஒதுக்கி, அங்கிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கும் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கும் வழியை அடைத்தேன். வீட்டு ரவுட்டர்களில் 'டிஎம்இசட்' (பெயரளவில் பிரித்த பகுதி) என்று இருப்பது பெரும்பாலும் எல்லாப் போர்ட்டையும் ஒரே கணினிக்குத் திருப்பும், பிரித்து வைக்காது.

பராமரிப்பிலும் இதுவே மேல். கெர்னல் அப்டேட்டுக்கு சர்வரை எப்போது வேண்டுமானாலும் ரீஸ்டார்ட் செய்கிறேன். ஒரே பெட்டியானால் வீட்டில் யாராவது ஆன்லைன் கூட்டத்தில் இருப்பார்கள். அப்டேட் தள்ளிப்போகும், ஓட்டை திறந்தே கிடக்கும்.

ஒரே பெட்டியில் பல கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸில் சர்வர், ரவுட்டர் இரண்டையும் தனித்தனி மெய்நிகர் கணினிகளாக்குவது நடுவழி. நான் அதைக் கொஞ்ச காலமே ஓட்டியிருப்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ரவுட்டர் வாங்கினால் அடிப்பக்க லேபிளில் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். ஒரே மாடலிலும் வெர்ஷன் மாறினால் சிப் மாறலாம், ஓபன்டபிள்யுஆர்டி ஏறாமல் போகலாம்.